கை ஆடவில்லை, கும்மிடிப்பூண்டி ஆடுகிறது

மைக்ராமீட்டர் பிடிக்கிற கை பொம்மைக்குக் கண்ணும் எழுதிவிடும் என்று என் மாமியார் முடிவு செய்ததிலிருந்து, புரட்டாசி பிறந்தாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. கடைசல் முடிந்து வரும் ஷாஃப்ட், புஷ் எல்லாவற்றையும் அளந்து, பத்து மைக்ரான் கூடியிருந்தால் ஓரங்கட்டுவேன். தலைமுடியின் கனமே சுமார் எழுபது மைக்ரான் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொல்லிவைத்தேன். "முடியில ஏழுல ஒரு பங்கைப் பார்க்கிற மாப்பிள்ளைக்கு, பொம்மைக் கண்ணு ஒரு கண்ணா?" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்த கொலுப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

மைக்ராமீட்டரின் பின்பக்கம் ராட்செட் என்று ஒரு சின்னத் திருகு இருப்பது மாமியாருக்குத் தெரியாது. ஓரளவுக்கு மேல் அழுத்தம் போனால் அது கிரிக் கிரிக் என்று நழுவிவிடும். பயில்வான் திருகினாலும் அளவு ஒன்றுதான், நான் திருகினாலும் அளவு ஒன்றுதான். மனுஷன் கையை நம்பவே கூடாது என்று தீர்மானித்த யாரோ ஒரு புண்ணியவான் வைத்த திருகு அது. இருபது வருஷமாக என் பெயரைக் காப்பாற்றி வருவது அதுதான். ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ஷில் அப்படி எதுவும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டும் பார்த்துவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்யாண ஊர்வல செட்டில் நாதஸ்வரக்காரர் உயரம் இரண்டு அங்குலம். அவர் முகம் என் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. அதில் ஒரு கண்ணுக்குக் கிடைக்கிற இடம் ஒன்றரை மில்லிமீட்டர். அந்த ஒன்றரைக்குள் வெள்ளை, மேல் இமைக்குக் கறுப்புக் கோடு, அதன் கீழ் கருவிழி. கருவிழியை மேல் இமை கொஞ்சம் மறைக்க வேண்டும். மறைக்காமல் நடுவில் வட்டமாக வைத்துவிட்டால், நகைச் சீட்டுக் கம்பெனி மூடிவிட்டது என்று அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டவர் மாதிரி விழிப்பார். ஒன்று முடிந்ததும் அதே அளவில் இன்னொன்று. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே கஷ்டமான காரியம் இந்த இரண்டாவது கண்தான்.

கண் சரியாக வராததற்கு ஊர்தான் காரணம் என்பது என் கட்சி. எங்கள் தெரு ஜி.என்.டி. ரோட்டை ஒட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து கல்கத்தா போகிற நெடுஞ்சாலை. முறுக்குக் கம்பி ஏற்றிய டிரெய்லர் போனால் ஜன்னல் கம்பி பேசும். அது ஓய்ந்தால் கூடூர் மார்க்கத்தில் கூட்ஸ் வண்டி. அதுவும் ஓய்ந்தால் வீட்டுக்குள் மிக்ஸி. பிரஷ் நுனியைப் பொம்மையின் முகத்தருகே நிறுத்தி, லாரி போகட்டும் என்று காத்திருப்பேன். போகும். பின்னாலேயே இன்னொன்று வரும். கல்கத்தா வரைக்கும் ரோடு காலியானால்தான் எங்கள் வீட்டு நாதஸ்வரக்காரருக்குப் பார்வை வரும் என்ற நிலை.

"லாரி போறப்ப செவுரு ஆடலை, நாற்காலி ஆடலை. உங்க கை மட்டும் எப்படிங்க ஆடும்?" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. மேற்கொண்டு விளக்கமும் கொடுத்தாள். கை ஆடாத மனுஷனே பூமியில் கிடையாதாம். நல்ல ஆரோக்கியசாலியின் விரலும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மெல்ல அதிர்ந்துகொண்டேதான் இருக்குமாம். இதயம் துடிப்பதும், நரம்பு தசைக்கு விட்டுவிட்டுக் கட்டளை அனுப்புவதும் காரணம். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. தூக்கம் கெட்டால், பசித்தால், கோபம் வந்தால், பயந்தால், பளு தூக்கினால், காபி டீ ஏறினால் பெரிதாகும். இந்தப் பட்டியலைக் கேட்டபோது, ராத்திரி சி ஷிஃப்ட் முடித்து வருகிற ஆளை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஆக, ஊரும் ஆடுகிறது, கையும் ஆடுகிறது. என் கட்சி முழுசாகத் தோற்கவில்லை.

டீயை விட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நின்றது. தலைவலி வந்து, தலைவலியால் கோபம் வந்து, கோபத்தால் கை மறுபடி ஆடியது.

மாத்திரை இருக்கிறது. ப்ரோப்ரனலால் என்று பெயர். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தருவது. மேடைக் கச்சேரிக்காரர்களில் சிலர் கை நடுக்கத்துக்கு இதை எடுத்துக்கொள்வதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நம் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார் அல்லவா? அதே ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கிய வட கொரியாவின் கிம் ஜோங் சு, உடம்பில் இந்த மருந்து இருந்ததால் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். துப்பாக்கி சுடுகிறவர்களுக்குக் கை நிற்பதே ஊக்கமருந்து. நல்லவேளையாகக் கொலுப் போட்டிகளுக்கு இன்னும் இந்தச் சோதனை வரவில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மாத்திரை ஆபத்து. எனக்கு இளைப்பு உண்டு. அதற்கு உறிஞ்சுகிற மருந்து என்ன செய்யும் தெரியுமா? கையை நடுங்க வைக்கும். கடவுள் என்னைத் தரக்கட்டுப்பாட்டுக்கு மட்டுமே படைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் வில்லர்ட் விகன் என்று ஒரு சிற்பி. ஊசிக் காதுக்குள் சிலை வைக்கிறவர். இரண்டு இதயத் துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கிற அந்த நொடிக்கும் குறைந்த அவகாசத்தில்தான் கையை அசைப்பாராம். வண்ணம் தீட்ட ஒற்றை முடி. ஒரு தடவை மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தபோது மூச்சை இழுத்திருக்கிறார். செய்துவைத்த ஆலிஸ் பொம்மை மூக்குக்குள் போய்விட்டது. இந்தக் கதையைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டு நாதஸ்வரக்காரர் இரண்டு அங்குலம் இருப்பதற்காக நிஜமாகவே சந்தோஷப்படுகிறேன்.

பொம்மைகளிலும் நல்லவர் கெட்டவர் உண்டு, கண் எழுதுகிறவன் கணக்கில். நரசிம்மர் நல்லவர். கை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாலும் உக்கிரம் கூடும், அவ்வளவுதான். வராகர் பரவாயில்லை. ராமர் மகா கஷ்டம். சாந்தமாக இருக்க வேண்டும். இமைக்கோடு இம்மி மேலே போனால் மாரீசனை அப்போதே பார்த்துவிட்டவர் போல ஆகிவிடுகிறது, கதையே நடக்காது. எல்லோரிலும் குணசாலி கும்பகர்ணன். மேலே ஏறி முரசு அடிக்கிறார்கள், யானையை விட்டு மிதிக்கிறார்கள், அவன் கண்ணைத் திறப்பதில்லை. கண்ணுக்கு ஒரு வளைவு, இரண்டு கண்ணுக்கு இரண்டு வளைவு, முடிந்தது. தசாவதாரத்தையே சயனத்தில் செய்தால் என்ன என்று கேட்டதற்கு மாமியார் பதில் சொல்லவில்லை.

அவருக்கு இது விளையாட்டுக் காரியமல்ல. கோயிலில் ஸ்தபதி கடைசியாகப் பொன் ஊசியால் கண் திறந்த பிறகுதான் சிலை சாமியாகிறது. திரையை விலக்கியதும் முதலில் கண்ணாடியும், பசுவும் கன்றும் காட்டுவார்கள். இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதுகிறவர் நேருக்கு நேர் பார்க்கவே மாட்டார். முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டி எழுதுவார். எழுதி முடித்ததும் அவர் கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப் போவார்கள். இதை நான் சொன்னபோது மாமியார் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்க நேராவே பாருங்க மாப்பிள்ளை. நேரா பார்த்தே இந்த லட்சணம்" என்றார்.

ஒரு பகல் ஷிஃப்டில் செட்டியார் பொம்மையை டிபன் பையில் வைத்து ஃபேக்டரிக்கே கொண்டுபோனேன். எங்களிடம் ஆர்கான் வெல்டர் ஒருவர் இருக்கிறார். பைப்பை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து மாட்டி ஒட்டச் சொன்னாலும், எக்ஸ்ரே எடுத்தால் ஒரு துளை தெரியாது. கை நின்றால் அவர் கை மாதிரி நிற்க வேண்டும். மதியம் அவரிடம் செட்டியாரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் செட்டியாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஃபில்லர் ராடு வேணாமா சார்?"

"வேணாம். உன் கை எப்படி ஆடாம நிக்குது, அதைச் சொல்லு."

"யார் கை சார் நிக்குது?" என்று கையுறையைக் கழற்றி விரலை நீட்டினார். ஆடியது. என் விரலை விட ஜாஸ்தியாகவே ஆடியது, காலையிலிருந்து மூன்று டீ. "நான் எங்க சார் கையைத் தூக்கிப் புடிக்கிறேன்? சுண்டு விரலு பைப்பு மேல கெடக்கும். சுண்டு விரலுக்கு எடம் இல்லாத ஜாயின்ட்டுன்னா சூப்பர்வைசர்கிட்ட போய் சண்டை போடுவேன்."

மாமியாரின் வைத்தியம் வேறு. திருவள்ளூர் போய் வைத்திய வீரராகவரைப் பார்த்து, குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வரவேண்டும். அமாவாசையில். கும்மிடிப்பூண்டி இருப்பது திருவள்ளூர் மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் அங்கேதான். ஆனால் ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போகவேண்டுமென்றால் பொன்னேரி, எண்ணூர் எல்லாம் தாண்டிச் சென்னைக்குள் நுழைந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் மார்க்கத்து வண்டி பிடித்து, ஆவடி வழியாகப் போகவேண்டும். சொந்த வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்துத் தெருவைச் சுற்றிப் போகிற கதை. பெரியபாளையம் வழியாக பஸ் உண்டு. மாமியாருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது.

அமாவாசைக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போனோம். பெருமாள் பாம்பணையில் படுத்திருக்கிறார். வலது கையைச் சாலிஹோத்ர முனிவரின் தலைமேல் வைத்திருக்கிறார். அபய ஹஸ்தம், அனுக்கிரகம் என்று பக்கத்தில் ஒருவர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெல்டர் ஞாபகம் வந்தது. பெருமாளே கையை அந்தரத்தில் நிறுத்தவில்லை. வெளியே வந்து இதை மாமியாரிடம் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம்.

அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் எல்லோருமே எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சலூன்காரர் கத்தி வைக்கிறபோது சுண்டுவிரல் நம் தாடையில் ஊன்றியிருக்கிறது. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைக்குப் போர்டு எழுதினவர்கள் நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு கோலைப் பலகையில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவார்கள். ஐரோப்பிய ஓவியர்களும் இதே கோலைத்தான் வைத்திருந்தார்கள். கொலு பொம்மை வாங்கப் புரசைவாக்கம் பக்கத்துக் கொசப்பேட்டைக்குப் போனபோது, ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து வரிசையாகக் கண் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு காலைக் குத்துக்காலிட்டு, முழங்கையை முழங்காலில் முட்டுக்கொடுத்து, இடது கையால் பொம்மையைத் திருப்புகிறார். பிரஷ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொம்மைதான் வந்து கண்ணை வாங்கிக்கொண்டு போகிறது. நடுவில் பேரனைத் திட்டுகிறார், போனில் விலை பேசுகிறார், கோடு கலையவில்லை. கோபம் வந்தால் கை ஆடும் என்ற அறிவியலை அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது என் ஏற்பாடு இது. காலி இருமல் மருந்து பாட்டில் மூடியில் களிமண் வைத்துப் பொம்மையை நிறுத்திவிடுவேன். பிடிக்கிறது பாட்டிலை. இரண்டு முழங்கையும் மேஜையில். இரண்டு உள்ளங்கையின் அடியும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். பிறகு ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆடும், பொம்மைக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவே தகராறு வராது. லாரி போனாலும் கவலையில்லை, எல்லோரும் ஒரே வண்டியில் இருக்கிறோம். பெயின்டை நீர்க்கக் கரைத்து, பிரஷ்ஷைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, கோட்டை வெளியே தள்ளாமல் நம்மை நோக்கி இழுக்க வேண்டும். முதலில் கைக்கு வராத பக்கத்துக் கண். வருகிற பக்கத்துக் கண் அதைப் பார்த்துக் காப்பியடித்துக்கொள்ளும்.

செட்டியார் தேறிவிட்டார். தராசு முள்ளைப் பார்க்கிறார், வாங்க வந்தவரையும் ஒரு கண் பார்த்துக்கொள்கிறார். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், கச்சேரி நன்றாகப் போகிறது. மனைவி ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறாள். மாமியார் தெருவில் சொல்லியிருக்கிறார்.

நேற்று வேலைவிட்டு வந்தால் மேஜைமேல் பழைய துணியில் சுற்றி என்னவோ இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வைத்துவிட்டுப் போனாராம். பிரித்தேன். ராவணன். பத்துத் தலை.

"அடுத்த வாரம் பூரா எனக்கு சி ஷிஃப்ட் அத்தை" என்றேன்.

"அப்ப பகல்ல வீட்லதான இருப்பீங்க" என்றார் மாமியார்.