போர் முடியும் தேதியை முன்கூட்டியே தெரிவிக்கவும்

அனுப்புநர்: மேல்நிலை வகுப்பு கைடுகளின் ஆசிரியர், தமிழ்நாடு.
பெறுநர்: கல்வி அமைச்சகம், வார்சா, போலந்து.
பொருள்: வீடியோ கேமைப் பாடமாக வைத்தது – கைடு வெளியிட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2020 ஜூனில் உங்கள் அன்றைய பிரதமர் மத்தேயுஷ் மொராவியெட்ஸ்கி, ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற வீடியோ கேமை உயர்நிலைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். உங்கள் வார்சாவிலேயே லெவன் பிட் ஸ்டூடியோஸ் செய்து, 2014-இல் வெளியான சரக்கு. சேர்த்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சேர்த்த கையோடு அம்போ என்று விட்டுவிட்டீர்களே, அதுதான் தாங்கவில்லை. புளூபிரிண்ட் எங்கே? மாதிரி வினாத்தாள் எங்கே? கட்டாயமில்லை, துணைப்பாடம் மாதிரிதான் என்கிறீர்கள். எங்கள் ஊரில் துணைப்பாடத்துக்கும் நெடுவினா உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவர்கள்தான் ஆடலாம் என்று வேறு ஒரு நிபந்தனை. இங்கே அந்த வயதில் பிளஸ் டூ முடித்து, கவுன்சலிங்கும் முடித்து, காலேஜில் அரியரே வைத்திருப்பார்கள்.

கைடு எழுத வேண்டுமே என்று நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். போர் விளையாட்டு என்றார்கள். கையில் துப்பாக்கியைக் கொடுத்து நாலு பேரைச் சுடச் சொல்வார்கள் என்று நினைத்தால், இடிந்த வீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து அடுப்பு மூட்டச் சொல்கிறார்கள். முற்றுகையிடப்பட்ட ஊர். பகலில் தலை காட்டினால் ஒளிந்திருப்பவன் சுட்டுவிடுவான். இரவில் ஒருவர் மட்டும் வெளியே போய் அரிசி பருப்பு, மருந்து, விறகு என்று கிடைத்ததைப் பொறுக்கி வர வேண்டும். 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்ததை மனத்தில் வைத்துச் செய்ததாம். அதைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் வரலாற்றுப் பாடத்தில் எல்லாப் போருக்கும் மூன்றே தலைப்புதான்: காரணங்கள், போக்கு, விளைவுகள். செத்தவர்கள் மூன்றாவது தலைப்பில், கடைசிக்கு முந்தைய பாயிண்டில் வருவார்கள். இடமிருந்தால்.

கதாபாத்திரங்கள் பரவாயில்லை, கேள்வி எடுக்கத் தோதாக இருக்கிறார்கள். ‘புரூனோ சமைத்தால் மிச்சமாவன யாவை?’ (தண்ணீர், எரிபொருள். இரண்டு மதிப்பெண்.) ‘காட்யா பேரம் பேசுவதில் வல்லவர் – நிறுவுக.’ ‘பாவ்லே வேகமாக ஓடுவதன் காரணம் தருக.’ (கால்பந்து வீரர்.) ஆனால் போர் எத்தனையாவது நாளில் முடியும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. இது அடாத செயல். அருமையான ஒரு மார்க் கேள்வி ஒன்று அநியாயமாகப் போயிற்று. அடுத்த பதிப்பிலாவது ஒரு தேதியை நிர்ணயித்து அரசாணை வெளியிடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், இரவில் பொறுக்கப் போகும் இடங்களில் ஒன்றான ஒரு வயதான தம்பதியின் வீடு. பாவ்லேயை அங்கே அனுப்பினேன். கிழவர் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகாதே என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் வருகிறார். எங்களுக்கும் பசிதானே, சாப்பாடு, மருந்து மாத்திரையெல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிட்டேன். திரையில் ‘தவறு’ என்று வரவில்லை. மைனஸ் மார்க்கும் இல்லை. பாவ்லே சுணங்கிப் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான். பிறகொரு நாள் அந்த வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் செத்துக் கிடக்கிறார்கள். எடுத்தது சரியா, தப்பா? விடைக்குறிப்பு இல்லாமல் எந்த ஆசிரியர் தாள் திருத்துவார்? வகுப்பில் விவாதிக்கட்டும் என்பீர்கள். விவாதம் என்றால் எங்கள் ஊரில் சத்தம். தலைமையாசிரியர் பிரம்போடு வந்துவிடுவார்.

விளையாட்டைப் பாடமாக்கும் வேலையை அமெரிக்காவில் 1971-லேயே ஒழுங்காகச் செய்தார்கள். மினியாபொலிஸில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போனவர்களைப் பற்றி ‘ஒரிகன் டிரெயில்’ என்று ஒரு கணினி விளையாட்டு எழுதினார்கள். அப்போது திரைகூடக் கிடையாது, எல்லாம் காகிதத்தில் அச்சாகி வரும். வேட்டைக்குப் போனால் ‘பேங்’ என்று பிழையில்லாமல் சட்டென்று தட்ட வேண்டும்; எவ்வளவு வேகமோ அவ்வளவு இறைச்சி. எங்கள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்கும் அதற்கும் இறைச்சி ஒன்றுதான் வித்தியாசம். யூபிசாஃப்ட் கம்பெனியும் 2018-இல் தன் பண்டைய எகிப்து விளையாட்டில் சண்டையை எடுத்துவிட்டு வகுப்பறைக்கென்று ஒரு வடிவம் கொடுத்தது. அதில் அம்மணச் சிலைகளின் மானத்தைச் சிப்பி வைத்து மறைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்திட்டக் குழுவுக்கு இருக்க வேண்டிய பொறுப்பு அது.

ஆகவே என் கைடின் திட்டம் இதுதான். மாணவர் யாரும் விளையாட வேண்டியதில்லை. வகுப்பில் கை சுறுசுறுப்பான ஒரு பையன் ஆடி, ரெக்கார்டு நோட்டில் எழுதுவான். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வயதான தம்பதி பகுதிக்கு ‘முக்கிய வினா அல்ல’ என்று முத்திரை குத்திவிடலாம். பாவ்லே ஏன் சோர்ந்தான் என்று எவனாவது கேட்டால், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்ல ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி போதும். நானே நடத்தித் தருகிறேன், பயணப்படி தனி.

நூறு பிரதிக்கு மேல் எடுக்கும் பள்ளிகளுக்கு முப்பது சதவீதம் கழிவு. நிர்வாகத்துக்கு உரியதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கைடு ஆசிரியர்