தன் கையே தனக்கு உதவி

கணினி உதவிப் பிரிவுக்கு விடிவுகாலம் வந்துவிட்டது. பூட்டிக்கொண்ட கணக்கைத் திறக்க இனி மேலிடத்துக்கு டிக்கெட் அனுப்ப வேண்டாம். முதல்நிலை ஊழியரே புதிய கருவி மூலம் திறக்கலாம். பாதுகாப்பான கருவி! உள்ளே நுழையக் கடவுச்சொல், ஓடிபி, மேலாளர் ஒப்புதல், இவ்வளவு போதும். கடவுச்சொல் 90 நாளில் காலாவதியாகும். காரணமில்லாமல் அப்படி மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017-லேயே சொன்னது. பாவம், அவர்களுக்கு நம் ஆடிட்டரைத் தெரியாது. ஓடிபி, பூட்டிக் கிடக்கும் அதே கணக்கின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். திருடனால் எப்படிப் படிக்க முடியும்? மேலாளர் உடனே ஒப்புதல் தருவார், அவர் கணக்கு திறந்திருந்தால்.

பலன் முதல் மாதமே தெரிந்தது. மேலிடத்துக்குப் போன டிக்கெட்டுகள்: 0. டிக்கெட் போடும் தளத்துக்கும் அதே கடவுச்சொல்தான்.