அரை ஆட்டக்காரர்

ஆர்ட்டி பீட்சனுக்கு சிட்னியில் வைத்த பட்டப்பெயர் ‘அரை ஆட்ட ஆர்ட்டி’. எண்பது நிமிட ஆட்டத்தில் பாதிக்கு மேல் மனிதர் தாங்கமாட்டார் என்பது புகார். சாப்பாட்டில் மட்டும் முழு ஆட்டமும் ஆடுவார் என்பது புகாரின் பின்னிணைப்பு.

ரக்பி லீக்கில் ஃபார்வர்டுக்கு உள்ள உத்தியோகம், பந்தைக் கட்டிக்கொண்டு எதிரணி மீது மோதி விழுவது. எழுந்து மறுபடி மோதுவது. பீட்சன் அந்த மரபைக் கெடுத்தார். மூன்று பேர் மேலே தொங்கும்போதே கையை மட்டும் உருவி, ஓடிவரும் சகாவிடம் பந்தைச் சேர்த்துவிடுவார். ஓடாமல் வேலை முடிந்தால் சோம்பேறி என்றுதானே சொல்வார்கள்! அந்தச் சோம்பேறி 1973ல் ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன். எந்த விளையாட்டிலும் அந்த இடத்துக்கு வந்த முதல் பூர்வகுடி அவர்தான். 1974, 1975 இரண்டு ஆண்டும் அவருடைய கிளப்பான ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்குக் கோப்பை. இரண்டாவது இறுதியாட்டம் 38-0. முன்பு, 1969ல் அவருடைய அப்போதைய கிளப்பான பால்மெய்ன் கோப்பை வென்ற அன்று மட்டும் அவர் களத்தில் இல்லை. முந்தைய ஆட்டத்தில் நடுவர் வெளியே அனுப்ப, தடையும் வாங்கியிருந்தார்.

பிறந்தது குயின்ஸ்லாந்தின் ரோமா. ஆனால் எந்த மாநில கிளப்பில் ஆடுகிறாயோ அந்த மாநிலத்துக்கே நீ சொந்தம் என்பது அக்கால விதி. சிட்னி கிளப்புகளிடம் சூதாட்ட மெஷின் காசு கொட்டிக் கிடந்தது. குயின்ஸ்லாந்து பெற்ற பிள்ளைகளை வாங்கி, அவர்களை வைத்தே குயின்ஸ்லாந்தை வருஷா வருஷம் உதைத்தார்கள். பீட்சனும் நியூ சவுத் வேல்ஸ் நீலச் சட்டையில் உதைத்தவர்தான்.

1980ல் இரு மாநிலத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் நியூ சவுத் வேல்ஸ் வென்றுவிட்டது. மூன்றாவதை ஒப்புக்கு, அவரவர் சொந்த மாநிலத்துக்கு ஆடிப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். சிட்னிக்காரர்கள் சிரித்தார்கள். குயின்ஸ்லாந்து கேப்டன் யார்? முப்பத்தைந்து வயதில், பரமட்டா கிளப்பின் இரண்டாம் அணியில் காலம் தள்ளிக்கொண்டிருந்த பீட்சன்! தாய் மாநிலத்துக்கு அவர் ஆடப்போகும் முதல் ஆட்டமே அதுதான்.

ஜூலை 8, பிரிஸ்பேன் லேங் பார்க். எதிரணியின் மிக் குரோனினுக்கு பீட்சனிடமிருந்து ஒன்று விழுந்தது. குத்தா, முழங்கை இடியா என்று ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. குரோனின் பரமட்டாவில் அவருடைய கிளப் தோழர். கிளப் சிநேகம் வேறு, ஊர்ப் பகை வேறு என்று மைதானத்துக்குப் புரிந்துவிட்டது. அன்று இருபது வயது நிறைந்த மால் மெனிங்கா உதைத்த ஏழு கோல்களும் உள்ளே போயின. 20-10. குயின்ஸ்லாந்து வெற்றி.

மேலிடம் இன்னும் யோசித்தது. 1981ல் இதே முறையில் மறுபடி ஒரே ஒரு ஆட்டம் வைத்துப் பார்த்தது. அதையும் குயின்ஸ்லாந்தே வென்றது, பயிற்சியாளர் பீட்சன். 1982 முதல் மூன்று ஆட்டமும் இப்படித்தான்.