குப்பைத் தேரும் ஓதற்பிரிவும்: தைபே மாணவனுக்குத் திணை வகுக்கும் ஒரு முயற்சி

வெளிநாட்டில் படிக்கப் போனவனை எந்தத் திணையில் சேர்ப்பது? இலக்கணம் கற்றோர் இதற்கு யோசிப்பதே இல்லை. கல்விக்காகப் பிரிவது ஓதற்பிரிவு. பிரிவு பாலைக்கு உரியது. எனவே தைபேயில் ஒரு பருவம் சீன மொழி பயிலும் பரிமாற்ற மாணவன் பாலைத்திணைத் தலைவன். ஓதற்பிரிவு மூன்றாண்டைத் தாண்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பரிமாற்றத் திட்டமும் அதற்குள் முடிந்துவிடுவதால் விதி மீறலும் இல்லை. இப்படிச் சொல்வோர் யாரும் மாலை நேரத்தில் தைபேச் சந்து ஒன்றில் நீலப் பையோடு நின்றவர்கள் அல்லர். அம்மாணவன் முல்லைக்கே உரியவன் என்பது எம் துணிபு.

முதற்பொருளைப் பார்ப்போம். நிலம், சந்தும் சந்து சார்ந்த இடமும். பெரும்பொழுது கார். மே, ஜூனில் பிடித்த மழை விடாது, குளிர்காலத்திலும் தூறல் ஓயாது என்பதால் இதில் ஆய்வாளனுக்குச் சிரமமே இல்லை. சிறுபொழுது மாலை. தலைவன் பெயரைச் சுட்டக் கூடாது என்ற அகமரபு இங்கும் காக்கப்படுகிறது. அவன் வீட்டாரும் அதையே விரும்புவார்கள்.

காலை வகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1956இல் தொடங்கிய மாண்டரின் பயிற்சி மையம் முதல் நேற்று முளைத்த பள்ளி வரை எங்கும் நான்கு தொனிகளோடு ஒரே மல்லுக்கட்டுதான். ஆய்வுக்குரியது வகுப்பு முடிந்ததும் கையில் ஏறும் பால் தேநீர்க் கோப்பை. 2022 டிசம்பர் முதல் தைபேப் பானக் கடைகளில் தூக்கியெறியும் பிளாஸ்டிக் கோப்பைக்குத் தடை. கிடைப்பது காகிதக் கோப்பை. வாயை மூடிய மெல்லிய படலத்தைப் பொத்தென்று குத்திய தடிமனான ஸ்ட்ரா, எவ்வளவு உறிஞ்சினாலும் அடியை விட்டு வராத நாலைந்து ஜவ்வரிசி உருண்டைகள். குடித்து முடிக்கக் கால் மணி போதும். போடுவதற்குத்தான் இடமில்லை. தெருவில் தொட்டியைக் காண்பது அரிது. மெட்ரோவில் போகிற போக்கில் உறிஞ்சி முடிக்கலாமென்றால் அங்கே வெறும் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 1,500 தைவான் டாலரிலிருந்து ஆரம்பம். கோப்பையும் அவனும் சேர்ந்தே வீடு திரும்புகிறார்கள்.

இனிதான் நுட்பமான பகுதி. மறுசுழற்சிப் பொருள்களைத் தைபே இரண்டாகப் பிரிக்கிறது. காகிதம், பழந்துணி, பிளாஸ்டிக் பை முதலிய தட்டைப் பொருள்களுக்குத் திங்களும் வெள்ளியும். புட்டி, டப்பா முதலிய கனவடிவங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி. கோப்பையோ காகிதம், ஆனால் எழுந்து நிற்கிறது. காலால் மிதித்துத் தட்டையாக்கினால் அதன் கிழமை மாறுமா? யூக்ளிடைக் கேட்டால் மாறும் என்றுதான் சொல்லியிருப்பார். குப்பை வண்டியின் பின்னால் நிற்கும் மாநகராட்சி ஊழியர் நசுங்கிய கோப்பையை ஒரு பார்வை பார்த்து, தலையசைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

சமையல் மிச்சத்திலும் இரு சாதி. வெந்தது நெடுங்காலம் பன்றிக்குப் போனது, பழத்தோல் முதலிய பச்சைக் கழிவு உரத்துக்கு. ஆகவே மானும் முயலும் துள்ள வேண்டிய இடத்தில் கருப்பொருளாகப் பன்றியைக் கொள்க. எஞ்சிய குப்பைக்கு மாநகராட்சியின் நீலப் பை. 2000 ஜூலை முதல் பையின் விலையே குப்பைக் கட்டணம், எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு காசு. அதனால்தான் மாணவன் பையை மடியில் வைத்து, காற்றை முழுக்கப் பிழிந்து, முழங்காலால் அழுத்தி, இன்னொரு நூடுல்ஸ் உறைக்கு இடம் தேடுகிறான். உதவித்தொகை வாங்குவோரிடம் இப்பழக்கம் தீவிரமாகக் காணப்படுகிறது.

பறை? வண்டி இசையோடு வருகிறது. ஒன்று, போலந்துப் பெண்மணி தெக்லா பொந்தஜெவ்ஸ்கா இயற்றி 1856இல் வார்சாவில் அச்சான ‘கன்னியின் பிரார்த்தனை’. இல்லையேல் பேத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபூர் எலீஸ்’. பின்னது நம்மூரில் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒலிக்கும் மெட்டுகளில் ஒன்று. எனவே புதிதாக வந்த தமிழ் மாணவன் அதைக் கேட்டதும் சுவரோரமாக ஒதுங்குவான். அக்கம்பக்கத்தார் அனைவரும் ஏன் காரை நோக்கி ஓடுகிறார்கள் என்று திகைப்பான். அன்று அவன் குப்பை வீட்டிலேயே தங்கும்.

குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது ஊர்க் கொள்கை. பையை வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது, கையோடு கொண்டுவந்து வண்டியில் எறிய வேண்டும். ஆகையால் வண்டி வருமுன்பே சந்து முனையில் கூட்டம் சேர்கிறது. குடையின்கீழ் பாட்டிகள், அலுவலகச் சட்டையோடு ஒருவர், நடுவில் நம் தலைவன். முல்லையின் உரிப்பொருளான இருத்தல் இதுவன்றி வேறென்ன? மாலையில், மழையில், தேரின் ஓசைக்குக் காதைக் கொடுத்தபடி நிற்பவனைப் பாலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? காலை வகுப்பில் பிடிபடாத நான்காம் தொனியும் இங்கேதான் பிடிபடுகிறது. அவன் பையில் புட்டியைக் கண்ட பாட்டி அதட்டுகிற அதட்டலில் அது தெள்ளத் தெளிவாக விழும்.

ஒரு மறுப்பை மட்டும் ஏற்கிறோம். புதனும் ஞாயிறும் வண்டி கிடையாது. முல்லை திரிந்து பாலையாகும் என்று சிலம்பும் ஒப்புவதால் அவ்விரு நாளையும் எதிர்க்கட்சிக்கே விட்டுத் தருகிறோம். செவ்வாயன்று வண்டியைத் தவறவிட்டவன் மாம்பழத் தோலை வியாழன் வரை ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காக்கிறான். உள்ளூர்க்காரர்களும் செய்வதுதான். துணிந்தவனுக்கு வேறு வழி உண்டு. வண்டி அடுத்து எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அட்டவணை இருக்கிறது. ரப்பர் செருப்போடு, இரு கையிலும் பையோடு, குறுக்குச் சந்தில் புகுந்து ஓட வேண்டும். தேரின் பின்னே தலைவன் ஓடுவதாக முல்லைத் துறைகளில் ஒன்றும் இல்லை. புலவர்கள் கூடி ஒன்று சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.