சரிந்த மண் யார் மண்?

மாத்தளையில் பனி கொட்டுவதில்லை. கொட்டியிருந்தால், அதை அள்ளும் இயந்திரத்தைப் பார்வையிட வெளிநாட்டுக்கு ஒரு குழு போய் வந்திருக்கும். இங்கே கொட்டுவது மண். அதை அள்ள ஒரு பெக்கோ போதும். விமானப் பயணம் இல்லாத வேலை. அதனால்தானோ என்னவோ, பெக்கோவும் நேரத்துக்கு வருவதில்லை.

இந்த நாட்டில் வீதிக்கும் சாதி உண்டு. ஏ, பி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணம். அதற்கும் கீழே பிரதேச சபை. ஏ9இல் ஒரு கல் உருண்டால் கொழும்பு பதறும். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து றோட்டில் மலையே சரிந்தாலும் முதலில் புரள்வது கோப்புதான்: இது யாருடைய வீதி? தோட்டக் கம்பனி பிரதேச சபையைக் காட்டும். சபை கம்பனியைக் காட்டும்.

சட்டமும் ஒத்தாசை செய்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணம் போகவிடாமல் தடுத்தது. திருத்தியது 2018இல். அந்த 31 வருடத்தில் தோட்டத்து வாக்கு மட்டும் செல்லுபடியானது. மாகாண சபையிடம் கேட்கலாமா? மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் நடந்தது 2013இல்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். மாத்தளை மாவட்டத்தில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதை எந்த அரசாலும் நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்வோம். ஆனால் வடகீழ்ப் பருவமழை வருடம் தவறாமல் வருகிறது. அடைபட்ட மதகுகளும் வருடம் தவறாமல் அதை வரவேற்கின்றன. அதிகாரிகளுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அது ‘எதிர்பாராத அனர்த்தம்’.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுகிறது: உடனே வெளியேறுங்கள். நல்லது. எந்த வழியால்?

கடைசியில் மண் அள்ளுவது யார்? லயத்து ஆட்கள். மண்வெட்டி, அலவாங்கு, உரச்சாக்கு. அன்றைய நாட்சம்பளமும் போச்சு. நோயாளியைக் கதிரையோடு தூக்கிப்போகும் அளவுக்கு வழி திறந்த பிறகு பெக்கோ வரும். அதன் பின்னால் கமரா வரும். அதன் முன்னால் சேறு படாத பூட்ஸ் வந்து நிற்கும்.

மீரிகமவிலிருந்து குருநாகலுக்கு அதிவேக வீதி 2022இல் திறந்தாயிற்று. தம்புள்ளை வரை நீட்டும் திட்டமும் வரைபடத்தில் இருக்கிறது. நீளட்டும். நாடா வெட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. காண் வெட்டத்தான் ஆளில்லை.