ஃபோர்ப்ஸுக்கு முந்திய பார்வையாளர்கள்

கேள்வி: மாத்தளை மாவட்டத்தில் இயற்கையையும் வெள்ளைக்காரர் கால வரலாற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் ஒரே கூரையின் கீழ் அல்ல. ஜப்பானிய உதவியுடன் அமைந்து 2009-இல் திறக்கப்பட்ட சிகிரியா அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். சிகிரியாப் பாறையில் அரண்மனை கட்டிய மன்னன் காசியப்பனுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அவ்வட்டாரக் குகைகளில் கற்கால மனிதர் வாழ்ந்தனர். 1831-இல் பிரித்தானிய இராணுவ அதிகாரி மேஜர் ஃபோர்ப்ஸ் அந்தப் பாறையைக் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வது வழக்கம். பாறையில் பளபளப்பாக மெருகேற்றப்பட்ட கண்ணாடிச் சுவரிலோ அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்வையாளர்கள் கவிதை கிறுக்கிவிட்டார்கள்!

அடுத்து மாத்தளை நகரம். ஆங்கிலேயர் 1803-இல் எழுப்பிய மக்டோவல் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது நுழைவாயிலும் கல்லறைகளும்தான். 1848-இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு, அதே ஆண்டு ஆகஸ்டு 8-இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.