சீமைப் பட்டாணியும் சிராங்கூன் சங்குப்பூவும்

ஸ்வீட் பீஸ் எனப்படும் சீமைப் பட்டாணிப்பூவின் விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், இளவேனில் தொடக்கத்தில் விதைக்கும்படி எழுதியிருக்கும். எந்த இளவேனில் என்று மட்டும் இருக்காது. சிங்கப்பூரில் இது லேசுப்பட்ட சந்தேகம் அல்ல. சீனர்கள் தை, மாசி வாக்கில் புத்தாண்டு கொண்டாடும்போதே வசந்தம் வந்துவிட்டதாக அறிவித்து, சைனாடவுன் முழுக்கச் சிவப்பு விளக்குத் தொங்கவிடுகிறார்கள். ஆங்கிலக் காலண்டர் மார்ச் என்கிறது. நம் பஞ்சாங்கமோ சித்திரை, வைகாசி என்கிறது. கைவசம் மூன்று வசந்தம் இருந்தும் வெப்பமானிக்கு ஒன்றின் சேதியும் எட்டவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டியே கிடக்கும் இந்த ஊரில், ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் சராசரியில் 2 டிகிரி வித்தியாசம்கூடக் கிடையாது. பஞ்சாங்கத்தை நம்பி விதைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அந்தச் சூடு அடித்தது. முதலாவது, சித்திரை பிறந்து நாலாம் நாள். இரண்டாவது, சித்திரை முடியும் தறுவாய். பொட்டலம் சொன்ன இளவேனில் தொடக்கம் நமக்கு இதுதான். ஆகவே, சீமைப் பட்டாணி மேல் வைத்திருக்கும் பாசத்தை அப்படியே சங்குப்பூவுக்கு மாற்றிவிடுவதே இந்த ஊருக்குப் பொருந்தும் என்கிறேன். கிடைக்காததற்குப் பதிலாகக் கிடைத்ததை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினாலும் சங்குப்பூதான் ஜெயிக்கும்.

சீமைப் பட்டாணியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. சிசிலித் தீவில் பிரான்செஸ்கோ குப்பானி என்ற துறவி அதைக் கவனித்து, 1699-இல் இங்கிலாந்துக்கு விதை அனுப்பினார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஆங்கிலேயர்களுக்கு அதன்மேல் பித்துப் பிடித்துவிட்டது. 1911-இல் டெய்லி மெயில் நாளிதழ் சிறந்த கொத்துக்கு ஆயிரம் பவுன் பரிசு என்று அறிவிக்க, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கொத்துகள் வந்து குவிந்தன. முதல் பரிசு டென்ஹோம் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மனைவிக்கு. பாதிரியாருக்கு மூன்றாம் பரிசு. அதன்பின் சீமைப் பட்டாணியைக் குறையில்லாமல் வளர்ப்பது எப்படி என்று புத்தகம் எழுதியவர் பாதிரியார்தான். (குடும்பங்களில் இந்த வேலைப்பிரிவினை நமக்கும் பழக்கமானதே.) ஆனால் அந்தக் கொடிக்கு வேண்டியது 15 டிகிரி வாக்கில் குளிர்ந்த மண்ணும், நாளுக்கு நாள் நீளும் பகலும். வெயில் ஏறினால் மொட்டுகள் உதிரும், பூப்பு நிற்கும். பிறந்த சிசிலியிலேயே கோடை முற்றியதும் விதையை உதறிவிட்டுச் செத்துப்போவதுதான் அதன் வழக்கம். சிங்கப்பூரிலோ பகல் எப்போதும் பன்னிரண்டு மணி நேரம். பத்து நிமிடம் கூடினால் அதிகம்.

ஏர்கான் எதற்கு இருக்கிறது என்று கேட்பார்கள். கரையோரப் பூந்தோட்டங்களில் 2012-இல் திறந்த ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடத்தில் ஆண்டுதோறும் சகுரா பூக்கிறதே, அரசாங்கமே வசந்தத்தை விலைக்கு வாங்கும்போது நாம் வாங்கக் கூடாதா? வாங்கலாம். ஆனால் அந்தக் கூடத்தின் 23 முதல் 25 டிகிரியே நம் விருந்தாளிக்கு வியர்க்கும் சூடு. படுக்கையறையில் 18 டிகிரி வைத்துப் பார்க்கலாம் என்றால், குளிர் தங்க ஜன்னலைச் சாத்த வேண்டும். திரையும் போட்டால் வெளிச்சம் போய்விடும். வெளிச்சத்துக்குத் தனி விளக்கு வேண்டும். மாதக் கடைசியில் வரும் மின்கட்டணத்தில் தேக்காவில் வருஷம் முழுவதும் மல்லிகைச் சரம் வாங்கலாம். விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முளைக்கவிடும் யோசனையும் உண்டு. கேமரன் மலையில் தேனிலவு முடித்தவர்களை ஜூரோங் தொழிற்பேட்டையில் குடித்தனம் வைப்பது போன்றது அது. சிக்கல் முளைப்பதில் இல்லை, முளைத்த பிறகு வாழ்வதில்.

சங்குப்பூவுக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். இதுவும் அவரைக் குடும்பம், இதுவும் கொடி. விதைத்தோல் இதற்கும் கெட்டி. பொட்டலம் சொல்லும் மற்ற வேலைகள், அதாவது விதையை லேசாகக் கீறுவது, ராத்திரி ஊறவைப்பது, பற்றி ஏறக் கம்போ கயிறோ கொடுப்பது, பூவை அவ்வப்போது பறிப்பது, எல்லாம் அப்படியே பொருந்தும். பருவம் பற்றிய வரியை மட்டும் அடித்துவிடலாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூத்துவிடும். அதற்குப் பிறகு நல்ல வெயில் இருக்கும்வரை நிறுத்தாது. பூ வாடினால் அடுப்படிக்குப் போகும்: பெரானாக்கான் சமையலில் பூலுட் தாய் தாய்க்கும் ஞோஞ்ஞா சாங்குக்கும் நீலம் தருவது இதுதான், கிளந்தான் நாசி கெராபுவுக்கும் இதுவே. அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம், டியூஷன் கட்டணம் இல்லை. சீமைப் பட்டாணியை இப்படி நம்ப முடியாது. பெயரில் பட்டாணி இருந்தாலும் அதன் விதையில் நஞ்சு உண்டு. அதன் நெருங்கிய பங்காளி கேசரிப் பருப்பு. மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால் முடங்கியதால்தான் 1961-இல் இந்தியா அதன் விற்பனைக்குத் தடை போட்டது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் வாசனை. சீமைப் பட்டாணியின் மணத்துக்காகவே அதை வளர்க்கிறார்கள், சங்குப்பூவோ மூக்கில் வைத்து அழுத்தினாலும் ஒன்றும் சொல்லாது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். ஆனால் பஃபலோ ரோட்டில் பூக்கட்டுபவர்களின் கடைகளைத் தாண்டி நடக்கிற எவருக்கும் வாசனைப் பஞ்சம் இருக்க நியாயமில்லை. எல்லா வேலையையும் ஒரே பூவிடம் எதிர்பார்ப்பது சங்குப்பூவுக்கு இழைக்கும் அநியாயம். இன்னொரு வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: வேலியில் தானாக முளைப்பதை வளர்த்தால் அக்கம்பக்கத்தில் மதிப்பு ஏது? இவர்களுக்குக் கபிலரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் அவர் அடுக்கும் மலர்ப் பட்டியலில் கருவிளை என்று வருவது இந்த நீலச் சங்குப்பூதான். சிபாரிசு வேண்டுமென்றால் டெய்லி மெயிலைவிடப் பழைய சிபாரிசு இது. சிவனுக்கும் பெருமாளுக்கும் சாத்துகிற பூவை நம் வாசலில் வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எனவே கடல் கடந்து வரும் பொட்டலத்தை விட்டுவிட்டு, பக்கத்து புளோக்கில் காய்ந்து தொங்கும் சங்குக் காய் நான்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் மறுப்பவர் குறைவு. அரைநாள் வெயில் விழும் பக்கமாகத் தொட்டியை வையுங்கள். வீவக நடைபாதையாக இருந்தால் ஆள் நடக்க 1.2 மீட்டர் விட்டுத்தான் வைக்க வேண்டும், கைப்பிடிச் சுவர் மேல் வைக்கவே கூடாது. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைத் தவறாமல் கவிழ்த்துவிடுங்கள். டெங்கிக் கொசு அதில் குடியேறியிருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் முதல் தடவையே 200 வெள்ளி அபராதம் போடும்.